மெத்தடோன் சிகிச்சையில் தூக்கமும் பாலுறவு நாட்டமும்

ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளிலிருந்து (அபின் வகைப் போதைப்பொருள்கள்) மீள, அதே வகை மருந்தான மெத்தடோனை எடுப்பவர்களில் பலருக்கு இரண்டு தொல்லைகள் தொடர்கின்றன: சரியான தூக்கம் இல்லை, பாலுறவில் நாட்டம் இல்லை. டாக்டரிடம் சொல்லக் கூச்சம். மனம் பலவீனமாகிவிட்டது என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். அது தேவையே இல்லை, ஏனென்றால் இரண்டுக்கும் உடலில் காரணம் உண்டு.

மெத்தடோன் உடலை விட்டு மெதுவாகத்தான் கழியும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையப் பெரும்பாலும் ஒரு நாளாவது ஆகும். அதனால் தினமும் ஒரு வேளை போதும். ஆனால் மூளையில் ஓபியாய்டு வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளுக்கு இரவிலும் ஓய்வில்லை.

அந்த ஏற்பிகள் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலும் இருக்கின்றன. பாலுறுப்புகளுக்கு அங்கிருந்துதான் முதல் சமிக்ஞை கிளம்பும். மெத்தடோனால் அது மங்கினால், அதை ஹார்மோன் வழியே கடத்தும் பிட்யூட்டரி சுரப்பியும் மந்தமாகும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற பாலின ஹார்மோன் குறைந்து, விறைப்புக் கோளாறு வரலாம். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம். அப்படி நின்றிருந்தாலும் கருமுட்டை வெளிவர வாய்ப்புண்டு. கர்ப்பம் வேண்டாமென்றால் கருத்தடை அவசியம்.

தூக்கத்தில் நடப்பது இன்னும் நுட்பமானது. மூச்சு நின்றால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். மூளைத்தண்டு அதை உணர்ந்து உடனே மூச்சிழுக்க வைக்கும். ஓபியாய்டு இந்த உணர்வை மழுங்கடிக்கிறது. அதனால் சிலருக்கு, மார்பு அசையாமல், குறட்டைகூட இல்லாமல், சில நொடிகள் மூச்சு நின்று போகிறது. அப்புறம் மூளை லேசாக விழித்து மூச்சை மீட்கும். இரவெல்லாம் இப்படி நடந்தாலும் காலையில் நினைவிருக்காது. அலுப்பு மட்டும்தான் மிஞ்சும். டெஸ்டோஸ்டிரோன் தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது என்பதால், கெட்ட தூக்கம் அந்தக் குறையையும் கூட்டிவிடும்.

இதற்கு நேரெதிரான காரணமும் உண்டு. சிலருக்கு மருந்து சீக்கிரம் கழிந்துவிடும். விடியுமுன் வியர்வை, கொட்டாவி, கால் குடைச்சலோடு விழிப்பு வந்தால் டோஸ் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். ஒருவருக்கு டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும், இன்னொருவருக்குக் கூட்ட வேண்டியிருக்கும். எந்த நேரத்தில், எப்படி விழிப்பு வருகிறது என்று டாக்டரிடம் விவரமாகச் சொல்வது அதனால்தான் முக்கியம்.

தூக்க மாத்திரையையோ மதுவையோ சேர்த்துக்கொண்டால் மூச்சே அடங்கிப்போகலாம். மெத்தடோனைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து; மறுபடி ஹெராயினுக்குப் போனால், தாங்கும் திறன் குறைந்த உடலுக்குப் பழைய அளவே உயிரைப் பறித்துவிடும். காலையில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவும், தூக்கப் பரிசோதனையில் மூச்சு நின்றுபோவதும் தெரிந்துவிடும். டோஸைத் திருத்தலாம், ஹார்மோன் சிகிச்சையை யோசிக்கலாம். ஹார்மோனைப் பொதுவாகக் குறைவாகவே பாதிக்கும் புப்ரெனார்பின் என்ற மாற்று மருந்துக்கு, டாக்டர் மேற்பார்வையில் மாறவும் வழி இருக்கிறது.