டிசிஏ, விஏ, ஆர்எஸ்: ஒயின் குறிப்புகளில் ஒளிந்திருப்பவை

லண்டன் உணவகங்களில் ஒயின் பரிமாறுவதும், புதிதாகச் சேரும் பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு, யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். கிளாஸை முகர்ந்தார், குடிக்காமலே மேசையில் வைத்தார். "தம்பி, இது நனைஞ்ச காட்போட் பெட்டி மாதிரி மணக்குது. எனக்குத்தான் ஒயின் விளங்கேல்லைப் போல" என்றார்.

அவருக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. கார்க்கிலிருந்து ஒயினுக்குள் இறங்கும் ட்ரைக்ளோரோஅனிசோல், சுருக்கமாக டிசிஏ, என்ற பொருளின் வாடையே அதுதான். லிட்டருக்குச் சில நானோகிராம் போதும், பழ மணம் அமுங்கிப்போகும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் அந்த பாட்டிலுக்குக் காசு வாங்குவது தப்பு.

என் மனதை அறுத்தது வேறு விஷயம். குறிப்பேட்டில் அந்த ஒயினுக்கு நேரே என் கையெழுத்தில் "டிசிஏ?" என்று இருந்தது. அதே பெட்டியில் முந்தைய நாள் திறந்த பாட்டிலில் சந்தேகம் வந்து நான் எழுதியது. பரிமாறிய பையனுக்கு அந்த மூன்று எழுத்து எதையுமே சொல்லவில்லை. "ஈர அட்டை வாடை இருக்கலாம், திறந்ததும் முகர்ந்து பார்" என்று எழுதியிருந்தால் பாட்டில் மேசைக்கே வந்திருக்காது. அந்த அம்மாவும் தன் மூக்கைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்.

சுருக்கெழுத்து எங்களுக்குள் வேகமாக வேலை செய்ய உதவும், சரி. பட்டியலிலும் பாட்டில் அட்டையிலும் அது ஏறும்போதுதான் சிக்கல். விஏ என்றால் வினிகர், நகப்பூச்சு நீக்கி போன்ற நெடி. எம்எல்எஃப் என்றால் புளிப்பான மாலிக் அமிலத்தை பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றியிருக்கிறது, சில ஒயின்களில் வெண்ணெய் மணம் அதனால்தான். பிரெட் என்றால் ரொட்டி இல்லை, பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட், அதிகமானால் குதிரை லாயம் மணக்கும். இதைச் சொல்ல ஒரு வரி போதும். 1980களில் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் ஒயின் மணங்களை வட்டமாக அடுக்கி உருவாக்கிய மணச்சக்கரத்தில்கூட ஈர அட்டை, வெட்டிய புல் என்று யாருக்கும் புரிகிற சொற்கள்தான் இருக்கின்றன.

ஆர்எஸ் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புளித்து முடிந்தபின் மிஞ்சும் சர்க்கரை அது, லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கணக்கு. சர்க்கரை நோய் உள்ள ஒருவர் ஷாம்பெயின் பட்டியலைக் காட்டி, "எக்ஸ்ட்ரா ட்ரை என்றால் இனிப்பே இருக்காதுதானே?" என்று கேட்டார். உண்மை தலைகீழ். புரூட் என்று எழுதிய ஷாம்பெயினில் சர்க்கரை லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவு, எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 கிராம் வரை. ஷாம்பெயின் இன்னும் நிறைய இனித்த 19ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் எங்கள் பட்டியலில் இப்போது கிராம் கணக்கையே போடுகிறோம். மணம் சரியில்லை என்று தோன்றினால் எங்களிடம் பெயர் சொல்ல வேண்டியதில்லை, என்ன மணக்கிறது என்று சொன்னால் போதும்.

அப்புறம், சோவிஞ்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினின் குறிப்புகளில் வரும் கூஸ்பெரி. அகராதியைப் பார்த்து அதை நெல்லிக்காய் என்று எடுத்துக்கொள்ளும் நம்மவர்கள், அந்த ருசியைத் தேடித் தேடிக் களைத்துப்போகிறார்கள். அது இங்கிலாந்துத் தோட்டங்களில் காய்க்கும் வேறு பழம், நம் நெல்லிக்கும் அதற்கும் உறவே இல்லை. தமிழ்க் குடும்பங்கள் வந்தால் "வெட்டிய புல், கொஞ்சம் பச்சை மாங்காய்" என்றுதான் சொல்கிறேன்.