தேரைக்குக் கால் நீளம் என்று எப்படிச் சொல்வது?

ஒரு தேரையின் காலை அளப்பது எளிது. அந்தக் கால் நீளமா குட்டையா என்று சொல்வதுதான் சிரமம். பெரிய தேரைக்குப் பெரிய கால் இருக்கத்தானே செய்யும்? ஒரே இனத்துக்குள் உடல் வடிவம் எப்படி மாறுபடுகிறது என்று ஆராயப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். இதை விளக்க ஆஸ்திரேலியாவின் கரும்புத் தேரையை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழித்துவிடும் என்று நம்பி, 1935இல் ஹவாயிலிருந்து சுமார் நூறு தேரைகளைக் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். வண்டுகள் ஒழியவில்லை, தேரைகள் பெருகின. மேற்கு நோக்கிப் பரவவும் தொடங்கின. முதல் சில பத்தாண்டுகளில் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் நகர்ந்தன. 2000க்குப் பிறகு அது 50 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அதே தேரைக்கு இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? பென் பிலிப்ஸ், ரிக் ஷைன் முதலிய ஆய்வாளர்கள் வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்குக் கிழக்கே, தேரைகள் புதிதாக வந்து சேரும் இடத்தில் காத்திருந்து, வர வர அளந்தார்கள். முடிவு 2006இல் 'நேச்சர்' இதழில் வந்தது.

அளக்கிற வேலை இப்படி நடக்கும். கையுறை போட்டுத் தேரையைப் பிடிக்க வேண்டும். கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளை அழுத்திவிட்டால் பால் போன்ற நஞ்சு கசியும். உடல் நீளத்தை மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரை வெர்னியர் காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவியால் எடுப்பார்கள். தேரை சும்மா இருக்காது. முதுகை வளைக்கும், மூச்சை இழுத்து உப்பும். அதனால் இந்த அளவு ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும். காலில் அந்தத் தொல்லை குறைவு: மடக்கிப் பிடித்தால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஒரே எலும்பு, இரு முனைகளும் விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்படும்.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. இரண்டு கூட்டங்களுக்கு இடையிலான வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான், அளவிடும் பிழை இரண்டு மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு தேரையையும் ஒரு முறை மட்டும் அளந்து முடிவு சொல்ல முடியாது. ஒரே தேரையைத் திரும்பத் திரும்ப அளந்து, பிழை எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கூட்டத்தை ஒருவரும் இன்னொன்றை வேறொருவரும் அளப்பது ஆபத்து. இரண்டு பேர் கைப்பழக்கத்தின் வித்தியாசம் இரண்டு ஊர்த் தேரைகளின் வித்தியாசமாகத் தெரிய வாய்ப்பு உண்டு. அருங்காட்சியகப் புட்டிகளில் இருப்பவற்றை உயிருள்ளவற்றோடு கலப்பதும் அப்படித்தான். ஆல்கஹாலில் கிடந்த உடல் சுருங்கியிருக்கும்.

சரி, இரண்டு அளவும் கைக்கு வந்தாச்சு. கால் நீளத்தை உடல் நீளத்தால் வகுத்துவிட்டால் போதாதா? போதாது. பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு, பெரியவர்களுக்கு ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. தேரைக்கும் இது பொருந்தும். வகுத்துப் பார்த்தால், ஓர் ஊரில் இளசுகள் அதிகமாகப் பிடிபட்டதே 'வடிவ வித்தியாசம்' ஆகிவிடலாம். பெண் தேரை ஆணை விடப் பெரியது என்பதால், ஆண், பெண் எண்ணிக்கை மாறினாலும் கணக்கு கெடும்.

அதனால் வேறு வழி. ஒவ்வொரு தேரைக்கும் ஒரு புள்ளி: கிடைமட்டத்தில் உடல் நீளம், செங்குத்தில் கால் நீளம். புள்ளிகளின் ஊடே பொருத்தமான ஒரு கோடு. உதாரணமாக, 10 சென்டிமீட்டர் உடலுக்குக் கால் எலும்பு 4 சென்டிமீட்டர் இருக்கும் என்று கோடு சொல்கிறது, கையில் இருக்கும் தேரைக்கோ 4.2 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 0.2தான் நமக்கு வேண்டியது. தன் உடம்புக்கு எதிர்பார்த்ததை விட அதற்கு அவ்வளவு கூடுதல் கால். இப்போது சின்னதையும் பெரியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.

டார்வின் பக்கத்தில் அப்படிப் பார்த்தபோது, முதலில் வந்து சேர்ந்த தேரைகளுக்கு உடம்பின் அளவுக்கு மீறிய நீளக் கால்கள் இருந்தன. மெதுவாகப் பின்னால் வந்தவற்றுக்கு அது குறைவு. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதற்கான காரணம். வேகமானவை எல்லாம் படையின் முன்வரிசையில் ஒன்றாகச் சேர்கின்றன. அங்கே இணை தேடினால் கிடைப்பதும் இன்னொரு வேகமான தேரைதான். தலைமுறைக்குத் தலைமுறை முன்வரிசையின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. அதற்கு அவை கொடுக்கும் விலையும் உண்டு. முன்வரிசையின் பெரிய தேரைகளில் சுமார் 10 சதவீதத்துக்கு முதுகெலும்பில் மூட்டுவாதம் இருப்பதாக 2007இல் கண்டார்கள்.

நீளம் மட்டும் முழு வடிவம் ஆகாது. மண்டையோடு, இடுப்பெலும்பு போன்றவற்றுக்கு இன்னொரு முறை இருக்கிறது. அளக்கும் எல்லாத் தேரைகளிலும் அடையாளம் காணக்கூடிய புள்ளிகளைப் படத்திலோ முப்பரிமாண ஸ்கேனிலோ குறித்து, படங்களை நகர்த்தி, திருப்பி, ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். அதற்குப் பிறகும் புள்ளிகள் விலகி நின்றால் அந்த விலகல்தான் வடிவ வித்தியாசம். கரும்புத் தேரைகளின் எலும்புகளை முப்பரிமாணத்தில் அளந்து 2016இல் வெளியான ஆய்வில், முன்வரிசைத் தேரைகளுக்கு முன்னங்கால்கள் அகலமாகவும் பின்னங்கால்கள் ஒடுங்கியும் இருந்தன. காலிப்பரில் எடுத்த ஒற்றை நீளத்தில் இது தெரிந்திருக்காது.

இவ்வளவு கவனமாக அளந்தாலும், வித்தியாசம் பிறப்பில் வந்ததா வளர்ப்பில் வந்ததா என்று அளவு சொல்லாது. பல தவளை இனங்களின் தலைப்பிரட்டைகளைத் தும்பியின் இளம்புழு இருக்கும் தண்ணீரில் வளர்த்தால், அதன் வாசனையே போதும், வாலின் துடுப்பு உயர்ந்து வளரும். ஒரே தாயின் முட்டைகள்தான், குளம் மாறினால் உடம்பு மாறுகிறது. ஆகவே வெவ்வேறு இடத்துத் தேரைகளின் குஞ்சுகளை ஒரே இடத்தில், ஒரே தீனியில் வளர்த்துப் பார்க்க வேண்டும். பிலிப்ஸ் குழு அப்படி வளர்த்த தேரைகளின் மேல் ரேடியோ கருவி கட்டி விட்டுப் பார்த்தது. முன்வரிசைப் பெற்றோரின் பிள்ளைகளே அதிக தூரம் போயின.