‘ஒழுங்கா சாப்பிடுறீங்களா?’ என்று கேட்காதீர்கள்

“எனக்குத்தான் வைரஸ் போயிடுச்சே சார்!” என்றார் எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வந்த அந்த லாரி டிரைவர். இந்த மாதத்தில் இப்படிச் சொல்லும் மூன்றாவது ஆள். பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த ரிப்போர்ட்டையும் நீட்டினார். வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு): கண்டறியப்படவில்லை. அதைப் பார்த்த நாளிலிருந்து இரண்டரை மாதமாக மாத்திரை போடவில்லை.

எத்தனை தடவை சொல்வது? ‘கண்டறியப்படவில்லை’ என்றால் ‘இல்லை’ என்று அர்த்தமில்லை. ரத்தத்தில் இயந்திரம் எண்ண முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். வாசலில் போலீஸ் நிற்பதால் திருடன் உள்ளே பதுங்கியிருக்கிறான். ஊரை விட்டுப் போய்விடவில்லை. மாத்திரைதான் அந்தப் போலீஸ். நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி பெருகும். அந்த ரிப்போர்ட் சந்தோஷப்பட வேண்டியதுதான். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. நீடிப்பதே மாத்திரையால்தான் ஐயா!

சக பார்மசிஸ்ட்டுகளுக்கு ஒன்று. “ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். டப்பாவை வாங்கி எண்ணுங்கள். 30 மாத்திரை வாங்கியவர் 28 நாள் மாத்திரை போட்டிருக்க வேண்டிய கணக்கில் வந்தால் மிச்சம் 2 இருக்க வேண்டும். 9 இருந்தால் ஏழு நாள் எங்கே போனது? தினம் ஒரே மாத்திரை என்பதால் மாதத்தில் இரண்டு தவறினாலே, போட வேண்டியதில் போட்டது 95 சதவீதத்துக்குக் கீழே போய்விடும்.

எண்ணியவுடன் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த மாதம் மிச்சத்தைக் குப்பையில் கொட்டிவிட்டுக் காலி டப்பாவோடு வருவார்கள். நானே அப்படிக் கெடுத்தவன்தான். ஒரு அம்மா டப்பாவுக்குள் பஞ்சைத் திணித்து வைத்திருந்தார். குலுங்கும் சத்தம் மாமியாருக்குக் கேட்கக் கூடாதாம். இன்னொருவர் மஞ்சள்தூள் டப்பாவுக்கு மாற்றியிருந்தார். ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் பழைய டப்பாவோடு போய்விட்டது. பிரச்சினை மறதி இல்லை, பயம்.

தனியார் மருந்துக் கடைக்காரர்களே, நெஞ்செரிச்சலுக்கு அலுமினியம், மெக்னீசியம் கலந்த சிரப் கொடுக்கும்போது “வேறென்ன மாத்திரை போடுறீங்க?” என்று மெதுவாகக் கேளுங்கள். டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து போடுபவர் அந்த மாத்திரையை சிரப்புக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போதான் போட வேண்டும். இரும்பு, கால்சியம் என்றால் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம். டிபிக்கு ரிஃபாம்பிசின் ஆரம்பித்திருந்தால் 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் இன்னொரு 50 மி.கி. வேண்டும், உடனே ஏ.ஆர்.டி. மையத்துக்கு (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) அனுப்புங்கள். தயவுசெய்து வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி மருந்தின் பெயரைக் கத்தாதீர்கள். ரகசியம் காக்க 2017 சட்டமே இருக்கிறது. சட்டம் சொல்லித்தானா இது தெரிய வேண்டும்?

டிரைவரை டாக்டரிடமும் கவுன்சிலரிடமும் அனுப்பி, திரும்பி வந்தபின் மருந்து கொடுத்தேன். ராத்திரி 9 மணிக்குப் போனில் அலாரம் வைக்கச் சொன்னேன். “கிளீனர் பையன் பார்த்தா?” என்று தயங்கினார். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே பெயர் வைத்தார்: ‘வண்டிக்கு ஆயில்’.