மன அழுத்தம்: சொல்லும் அதன் சுமையும்

குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டத்திற்குப் பால்வெட்டப் போகும் என் பெரியம்மையை ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தேன். மழை விடாமல் பெய்து வெட்டு நின்றுபோன மாதம் அது. சீட்டுப் பணம் கட்ட வேண்டிய நாளும் நெருங்கியிருந்தது. உறக்கம் இல்லை, பிடரி வலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்று அவர் சொன்னவற்றைக் கேட்டு, சோதித்தும் பார்த்த மருத்துவர், "மன அழுத்தந்தான், வேறொன்றும் இல்லை" என்றார். வெளியே வந்ததும் பெரியம்மை கேட்டார்: "பிரஷருக்குக் குளிகை தரல்லியே மக்களே?"

அவர் கேட்டதில் பிழை இல்லை. அழுத்தம் என்றால் பிரஷர், பிரஷர் என்றால் இரத்தக் கொதிப்பு என்பதுதான் நம் ஊர் வழக்கு. ஸ்ட்ரெஸ் என்ற சொல்லுக்கு ஈடாக நாம் வைத்த சொல், ஏற்கெனவே வேறொரு நோய்க்கு வாக்கப்பட்டிருந்தது.

ஸ்ட்ரெஸ் என்பதன் வேர் இலத்தீன் மொழியில் 'இறுக்கிக் கட்டு' என்னும் பொருள் கொண்ட ஸ்ட்ரிங்கெரே என்ற வினை. அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஒடுக்கம், நெருக்கடி என்ற பொருள்களோடு ஆங்கிலத்தில் நுழைந்து, நெடுங்காலம் துன்பத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாக வழங்கிய அதனை, 19ஆம் நூற்றாண்டில் பாலமும் உத்திரமும் கணக்கிட்ட பொறியாளர்கள் தங்கள் கலைச்சொல்லாக எடுத்துக்கொண்டனர். உடலியலில் அதை நிலைநாட்டியவர் ஹான்ஸ் செல்யே. வெவ்வேறு வகையான தாக்குதல்களுக்கு ஆளான எலிகளின் உடலில் ஒரே மாதிரியான மாற்றங்கள் தோன்றுவதை அவர் 1936இல் நேச்சர் இதழில் ஒரு சிறு கடிதமாக வெளியிட்டார். முதலில் திடுக்கிடல், பிறகு தாக்குப்பிடித்தல், கடைசியில் ஓய்ந்துபோதல் என்ற மூன்று கட்டங்களாக அம்மாற்றங்களை விளக்கினார். அந்த நிலைக்கு ஸ்ட்ரெஸ் என்று பெயரிட்ட அவரே, விசைக்கு ஆளான பொருள் அடையும் உருமாற்றத்தைக் குறிக்கும் ஸ்ட்ரெயின் என்ற சொல்லே தனக்குப் பொருந்தியிருக்கும் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இந்த வேறுபாட்டை நம் பள்ளி இயற்பியல் நூல்கள் துல்லியமாகக் காத்திருக்கின்றன. அங்கே பிரஷர் அழுத்தம், ஸ்ட்ரெஸ் தகைவு, ஸ்ட்ரெயின் திரிபு, டென்ஷன் இழுவிசை. தகைதல் என்றால் தடுத்தல்; வெளியிலிருந்து விசை வரும்போது பொருளுக்குள் எழும் எதிர்ப்பைச் சொல்ல இதைவிட நல்ல தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் 'எனக்கு மனத்தகைவு' என்று யாரும் சொல்லப்போவதில்லை, சொல்லச் சொல்லி வற்புறுத்துவதும் வீண்.

'மன இறுக்கம்' இலத்தீன் வேருக்கும் நெருக்கம், உடல் உணர்வுக்கும் நெருக்கம். நெருக்கடி வந்தால் முதலில் இறுகுவன தாடையும் தோளும்தானே! அழுத்தம் என்றால் மேலே ஏதோ ஒன்று உட்கார்ந்திருப்பது போலவும், அது தானாக இறங்கினால்தான் விடிவு என்பது போலவும் ஒரு தோற்றம் வருகிறது. இறுக்கம் என்றாலோ, தளர்த்தலாம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. ஆயினும் மன இறுக்கம், மதியிறுக்கம் ஆகிய சொற்கள் ஆட்டிசத்தைக் குறிக்கவும் பயன்படுவதால், மருத்துவ எழுத்தில் அதை ஆள்வது இன்னொரு குழப்பத்துக்கு வழிவிடும்.

பெருங்கேடு செய்யும் குழப்பம் வேறு. டிப்ரஷன் என்பதையும் நாளிதழ்கள் பல வேளைகளில் மன அழுத்தம் என்றே எழுதிவிடுகின்றன. அதற்கு உரிய சொல் மனச்சோர்வு. மழை விட்டு, வெட்டுத் தொடங்கி, சீட்டுப் பணமும் கட்டி முடிந்தால் பெரியம்மையின் அழுத்தம் இறங்கிவிடும். சோர்வு நோயாக முற்றியவருக்கோ காரணம் நீங்கினாலும் இருள் நீங்காது. விருப்பமானவற்றில்கூட நாட்டம் போய்விடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், சிகிச்சை வேண்டியவரிடம் 'நாலு நாள் லீவு போடு, சரியாகும்' என்று சொல்லிவிடுவோம். நுகர்வோர் நீதிமன்றத் தீர்ப்புச் செய்திகளில் வரும் 'மன உளைச்சல்' வேறொன்று. கை கால் உளைச்சல் என்பதைப் போல, நேர்ந்துவிட்ட ஒன்றால் உள்ளுக்குள் நின்று குடையும் வலி அது. வேலையால் வரும் நாட்பட்ட அழுத்தம் ஆளைத் தீய்த்துவிடும் 'பர்ன்-அவுட்' நிலையை உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல், நோயாக அன்றி, தொழில் சார்ந்த நிகழ்வாகவே வரையறுத்தது. அதற்குப் 'பணிச்சோர்வு' போதும் என்பது என் கருத்து.

பழைய சொல் ஏதும் இல்லையா என்றால், திருக்குறளின் 63ஆம் அதிகாரம் முழுவதும் இடுக்கண் பற்றியதுதான். மேட்டிலும் சேற்றிலும் வண்டியை இழுத்துச் செல்லும் எருதைப் போன்றவனிடம் இடுக்கணே இடர்ப்படும் என்கிறது அதில் ஒரு குறள். ஆனால் இடுக்கண் வருகின்ற துன்பத்தின் பெயரேயன்றி, அதை ஏற்ற உடம்பு படும் பாட்டின் பெயர் அன்று. அந்தப் பாட்டுக்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு சொல் உண்டு: வெப்ராளம். மலையாளத்துக்கும் எங்களுக்கும் பொதுவான அச்சொல், பதற்றமும் பரபரப்பும் ஒன்றாய்க் கலந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்கும் நிலையைச் சொல்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் பாயும்போது நிகழ்வது அதுவேதான். மற்றவர்கள் 'டென்ஷன்' என்று முடித்துக்கொள்வதை எங்கள் பாட்டிமார் அதைவிடத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அழுத்தம் என்ற சொல்லை அடியோடு பழிப்பதற்கும் இல்லை. விடியும் முன் ரப்பர் மரத்தின் பால்குழல்களில் அழுத்தம் மிகுந்திருப்பதால்தான் பட்டையைச் சாய்வாகக் கீறியதும் சிரட்டைக்குப் பால் இறங்குகிறது. வெயில் ஏறி இலைகள் நீரை இழக்க, அழுத்தம் தணிந்து ஓட்டமும் குறைகிறது. அளவான அழுத்தம் வேலையை நடத்தும். தேர்வுக்கு முந்தைய வாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நாள்விட்டு நாள் வெட்ட வேண்டிய மரத்தை ஆசைப்பட்டு ஓயாமல் வெட்டினால், பால் வற்றிப் பட்டை காய்ந்துவிடும். செல்யே சொன்ன மூன்றாம் கட்டமும் இப்படிப்பட்டதுதான்: இடைவெளியே இல்லாமல் கார்ட்டிசால் என்னும் அழுத்த இயக்குநீர் சுரந்துகொண்டிருந்தால் உறக்கம், செரிமானம், நோய் எதிர்ப்பு என ஒவ்வொன்றாய்க் கெடும்.

ஆகவே மன அழுத்தம் என்ற சொல்லை ஸ்ட்ரெஸ் என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம், வழக்கு ஊன்றிவிட்டது. சோர்வைச் சோர்வு என்றே எழுதுவோம். பெரியம்மைக்கு நான் அன்று விளக்கியதில் இந்தச் சொல்லாராய்ச்சி எதுவும் இல்லை. "உள்ள வெப்ராளத்துக்குத்தான் டாக்டர் அப்படிப் பேரு சொன்னாரு, பிரஷரு சரியாத்தான் இருக்கு" என்றேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் நெஞ்சடிப்பு தணியும் என்பதையும், சாயங்காலக் கட்டன்காப்பியை விட்டால் உறக்கம் வரும் என்பதையும், சீட்டு நடத்துபவரிடம் தவணை கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை என்பதையும் சொன்னேன். இரண்டு வாரமாகியும் எதிலும் மனம் ஒட்டாமல் போனால் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கட்டணமில்லாத டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ அவர் செல்போனில் பதிந்து கொடுத்தேன். தவணை கேட்கச் சொன்னதை மட்டும் அவர் உடனே செய்தார். பஸ்ஸில் ஏறும் முன்பே சீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிட்டார்.