காப்பிச் சக்கையைக் கான்கிரீட்டில் கொட்டாதீர்கள்

காப்பிச் சக்கை கலந்தால் கான்கிரீட் 30 சதவீதம் வலுவாகும் என்ற வாட்ஸ்அப் காணொளியை நம்பி, மெஸ்ஸிலிருந்து வாங்கி வந்த சக்கையைப் போட்டு லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் விட்டம்) வார்த்த இன்னொரு வீட்டையும் அண்மையில் பார்க்க நேர்ந்தது. மறுநாள் பக்கப்பலகையைக் கழற்றியபோது விளிம்பும் பலகையோடு பெயர்ந்து வந்தது. கீறிப் பார்த்தால் நகம் உள்ளே இறங்கியது.

காணொளி சொல்லாமல் விட்டதுதான் முக்கியமான பகுதி. 2023இல் மெல்போர்னில் உள்ள ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தினர் சக்கையை ஆக்சிஜன் இல்லாத உலையில் 350 டிகிரி செல்சியஸில் கருக்கி, அந்தக் கரித்தூளை மணலில் 15 சதவீதக் கொள்ளளவுக்கு மாற்றாகச் சேர்த்தபோதுதான் வலிமை கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடியது. கருக்காத சக்கை வலிமையைக் குறைக்கும் என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அங்கே குறைக்கப்பட்டது மணல்தான் என்பதால், சக்கையைக் காட்டி சிமென்ட் மூட்டையைக் குறைக்க எந்த ஆய்வும் இடம் தரவில்லை.

இதைச் சொன்னால், "அந்தக் காலத்தில் கடுக்காயும் கருப்பட்டியும் போட்டுக் கட்டியது இடிந்தா போயிற்று?" என்று தவறாமல் கேட்கிறார்கள். ஐயா, அவர்கள் போட்டது சுண்ணாம்பில். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இறுகும் பொருள். அதற்கு அவசரமில்லை, கட்டியவர்களும் அதற்கேற்பப் பொறுத்திருந்தார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் வழவழப்பான முட்டைப் பூச்சும் சுண்ணாம்புப் பூச்சுதான். சிமென்ட்டோ தண்ணீரோடு வினைபுரிந்து சில மணி நேரத்தில் இறுகத் தொடங்க வேண்டியது. அந்த வினையையே கருப்பட்டியில் இருக்கும் சர்க்கரை தடுத்துவிடும். சிமென்ட் எடையில் 0.05 சதவீதம், அதாவது 50 கிலோ மூட்டைக்கு வெறும் 25 கிராம் சர்க்கரை, இறுகுவதைச் சுமார் நான்கு மணி நேரம் தள்ளிப்போடும். 100 கிராமைத் தாண்டினால் கலவை இறுகாமலே கிடக்கலாம். (ரெடிமிக்ஸ் லாரி நடுவழியில் நின்றுவிட்டால், டிரம்முக்குள் கலவை கல்லாகிவிடாதிருக்க நாங்கள் சர்க்கரையைத்தான் கொட்டுவோம்.) பாட்டன் செய்தது சரிதான், ஆனால் அவர் கையில் சிமென்ட் இல்லை.

உணவுக் கழிவே கான்கிரீட்டுக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. கட்டுப்படுத்திய வெப்பத்தில் எரித்த உமிச்சாம்பலை கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456:2000 அனுமதிக்கிறது. ஆனால் அரிசி ஆலை பாய்லரில் அள்ளிய கறுப்புச் சாம்பல் அதுவாகிவிடாது. முட்டை ஓட்டுத் தூள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், ஆகவே இடைவெளியை நிரப்புமே தவிர சிமென்ட் வேலையைச் செய்யாது.

சமையலறைக் கழிவைத் தயவுசெய்து உரக்குழிக்கு அனுப்புங்கள். மணலிலேயே இலைதழை கலந்திருக்குமோ என்று ஐயம் வந்தால், நிறமற்ற கண்ணாடிப் புட்டியில் மணலோடு 3 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றிக் குலுக்கி, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். மேலே நிற்கும் நீர் கடுந்தேநீர் நிறத்துக்குப் போயிருந்தால் அந்த மணலைச் சோதனைக்கு அனுப்பாமல் பயன்படுத்த வேண்டாம். கரைசல் தோலை அரிக்கும், கையுறை போடாமல் தொடாதீர்கள். புதிய பொருள் எதுவானாலும் 7, 28 நாள் கியூப் சோதனை (வார்த்த கான்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்ப்பது) முடிவு கையில் வராமல் பில்லர், பீம், ரூஃப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஏற்கெனவே கொட்டிவிட்டீர்கள் என்றால் கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் முட்டுகளை மட்டும் பிரிக்காதீர்கள். மேஸ்திரி மேலே பூசி மறைப்பதற்கு முன் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.