விரிச்சி: தனியாள் ஆட்டத்தின் ‘ஆரக்கிள்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு தேநீர்க்கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர் சிலர் கூடி, தாளும் பகடையும் பரப்பிக் கதைமாந்தர் ஆட்டம் ஆடுவது வழக்கம். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரின் பொறுப்பை ஏற்க, நடத்துநர் ஒருவர் அந்தக் கதையின் உலகத்தைப் பேசிக்காட்டுவார். அவர்களுள் ஒருவர், தொழிற்சாலையில் வேலை நேரம் மாறி மாறி வருவதால் கூட்டத்தில் சேர இயலாமல், வீட்டில் தனியாகவே ஆடத் தொடங்கியிருக்கிறார். அண்மையில் தம் குறிப்பேட்டை என்னிடம் காட்டி, “ஐயா, ‘ஆரக்கிள்’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறேன், இதற்குத் தமிழில் என்ன எழுதலாம்? ஆரூடம் என்று எழுதினால் ஜாதகம் பார்ப்பது போலிருக்கிறது” என்று கேட்டார். அவருடைய தயக்கம் சரியானதே என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல் ஆட்டத்தில் எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். கூடி ஆடும்போது, மூடிய கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது நடத்துநருக்குத் தெரியும். தனியாக ஆடுபவருக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. தாமே கேட்டுத் தாமே விடை சொன்னால் வியப்புக்கு இடமில்லாமல் போய்விடும். ஆகவே அவர் கேள்வியைப் பகடையிடம் கேட்டு, விழுந்த எண்ணுக்கு நேராக ஒரு சிறு அட்டவணையில் உள்ள விடையை எடுத்துக்கொள்கிறார். இந்த வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் கதைமாந்தர் ஆட்டம் 1974இல் வெளிவந்தது. மறு ஆண்டே அதன் ஆக்கியோருள் ஒருவரான கேரி கைகாக்ஸ், சுரங்கப் பாதைகளைத் தனியொருவர் பகடை உருட்டியே உருவாக்கிக்கொள்ளும் முறையை ஓர் இதழில் எழுதினார். 1979இல் நடத்துநர் கையேட்டின் பின்னிணைப்பிலும் அத்தகைய அட்டவணைகள் இடம்பெற்றன. ஆனால் அவை பாதை எங்கே திரும்புகிறது, அறையில் என்ன கிடக்கிறது என்று சொல்லுமேயன்றி, நாம் கேட்கும் கேள்விக்கு மறுமொழி தரமாட்டா. கேள்வி எவ்வளவு நிகழக்கூடியது என்று மதிப்பிட்டு ஆம், இல்லை என விடை பெறும் முறையை 2003இல் வந்த மித்திக் என்னும் ஆட்டநூல் விரிவாக அமைத்துக் கொடுத்தது. 2018இல் வெளிவந்த அயர்ன்ஸ்வோர்ன் என்னும் ஆட்டநூல், நூறு வரை எண் தரும் பகடையை உருட்டி, இருபுறமும் ஒத்த வாய்ப்பாயின் 51 அல்லது அதற்கு மேல் ‘ஆம்’, ஏறத்தாழ உறுதியாயின் 11 அல்லது அதற்கு மேல், அரிதாயின் 91 அல்லது அதற்கு மேல் என்று வரையறுத்து, அந்தப் பகுதி முழுவதையும் ஆரக்கிள் என்றே அழைத்தது.

இன்று பலரும் விரும்புவது ஒரே தாளில், சில வேளை உள்ளங்கை அளவு அட்டையில் அடங்கிவிடும் அட்டவணைகளை. ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டி, ஒன்றைப் பத்தின் இடமாகவும் மற்றதை ஒன்றின் இடமாகவும் படித்தால் 11 முதல் 66 வரை 36 விடைகள் கிடைக்கும்; அவை அனைத்துக்கும் வாய்ப்பு ஒன்றே. அதே இரண்டையும் கூட்டிப் படித்தால் 7 வருவதற்கு 36இல் 6 வழிகள் உண்டு, 2க்கும் 12க்கும் ஒவ்வொரு வழிதான். அதனால் அட்டவணையின் நடுவில் அன்றாடம் நிகழ்வதையும் ஓரங்களில் அரியதையும் எழுதுவார்கள். இந்த வேறுபாடு சொல்லாக்கத்திலும் குறுக்கிடுகிறது. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்கள் ‘ரேண்டம்’ என்பதைச் சமவாய்ப்பு என்றும், இலங்கை நூல்கள் எழுமாற்று என்றும் வழங்குகின்றன. கூட்டிப் படிக்கும் அட்டவணையில் வாய்ப்பு சமமாக இல்லாதபோது அதைச் சமவாய்ப்பு அட்டவணை என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை; எழுமாற்று அட்டவணை என்பதே பிழையற்றது.

இனி ஆரக்கிளுக்கு வருவோம். ‘பேசுதல், வேண்டுதல்’ என்று பொருள்படும் ஓராரே என்னும் லத்தீன் வினையிலிருந்து ஓராக்குலும் பிறந்தது. அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. டெல்ஃபி போன்ற கிரேக்கக் கோயிலும், அங்கே அருள்வந்து உரைத்த பெண்ணும், அவள் உரைத்த சொல்லும் ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் அந்த ஒரே பெயரைப் பெற்றன. ஆட்டக்காரர்களும் அட்டவணை, உருட்டுதல், விடை ஆகிய மூன்றையும் ஆரக்கிள் என்றே சொல்கிறார்கள். ஆகவே தமிழில் நாம் தேடும் சொல், மூன்றையும் பிரித்துக் காட்ட இடம் தரவேண்டும்.

ஆரூடம், குறி, அசரீரி, தெய்வவாக்கு ஆகியவை உடனே நினைவுக்கு வருகின்றன. ஆரூடமும் குறியும் இனி நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்பவை. ஆட்டத்தின் அட்டவணையோ வருவதைச் சொல்வதில்லை, இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு ஒரு சொல்லைத் தந்துவிட்டு விலகிக்கொள்கிறது. அசரீரியும் தெய்வவாக்கும் ஐயத்துக்கு இடமில்லாத கட்டளைகள். செய்முறையால் நெருங்கி வருபவை வேறு சில. பஞ்சாங்கத்தின் சீதா சக்கரத்தில் கண்ணை மூடி ஓர் எண்ணைத் தொட்டுப் பலன் படிப்பதும், மாரியம்மன் சந்நிதியில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே மடித்து வைத்துக் குழந்தையை எடுக்கச் சொல்லும் பூக்கட்டிப் பார்த்தலும் அத்தகையவை. பின்னது ஆம், இல்லை என்னும் விடைக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனாலும் தோட்டத்துக் கோயில்களில் திருமணப் பேச்சுக்கும் வீடு கட்டுவதற்கும் இன்றும் மனமுருகிச் செய்யப்படும் ஒரு வழிபாட்டின் பெயரை ஆட்டத்துக்கு இழுத்துவருவது தகாது என்பது என் உறுதியான கருத்து.

நான் பரிந்துரைப்பது விரிச்சி. ஒரு செயலுக்குப் புறப்படுமுன், தொடர்பில்லாத யாரோ தற்செயலாகப் பேசும் சொல்லைக் காத்திருந்து கேட்டு, அதைத் தம் காரியத்துக்குப் பொருத்திப் பார்க்கும் பழைய தமிழ் வழக்கம் அது. தொல்காப்பியப் புறத்திணையியல், ஆநிரை கவர்தலைப் பாடும் வெட்சியின் துறைகளுள் ‘பாக்கத்து விரிச்சி’ என்று இதனைக் குறிக்கிறது. முல்லைப்பாட்டில், போருக்குச் சென்ற தலைவன் திரும்புவானா என்று அறிய முதிய பெண்கள் ஊர்ப்புறம் போய், நெல்லும் முல்லை மலரும் தூவித் தொழுது ‘விரிச்சி நிற்ப’, அங்கே தாயைக் காணாது அலமரும் கன்றைப் பார்த்து ஓர் ஆயர்மகள், “இன்னே வருகுவர் தாயர்” என்கிறாள். அவள் சொன்னது பசுக்களைப் பற்றி. கேட்டவர்கள் கொண்ட பொருளோ தலைவன் வருவான் என்பது. சொன்னவளுக்குத் தெரியாத பொருளைக் கேட்டவர்கள் தங்கள் கேள்வியால் அச்சொல்லுக்குள் ஏற்றுகிறார்கள்.

தனியாள் ஆட்டத்தில் நடப்பதும் இதுவே. அந்த இளைஞரின் கதையில், செம்பனைக் காட்டுக்கு நடுவே கைவிடப்பட்ட லயம் ஒன்றை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பை, ஒரு பெண் தேடிச் செல்கிறாள். அங்கே என்ன நேர்கிறது என்று அவர் உருட்டியபோது வந்தவை ‘திரும்பு’, ‘மணி’ என்னும் இரண்டு சொற்கள் மட்டுமே. ஆளே இல்லாத அந்த இடத்தில், விடியற்காலையில் தொழிலாளரை ஆள்கணக்கெடுக்க அழைக்கும் பிரட்டு மணி மீண்டும் அடிக்கிறது என்று அவர் எழுதினார். அட்டவணைக்குப் பிரட்டுக்களமும் தெரியாது, ரப்பர்ப் பால்வெட்டுக் காலமும் தெரியாது. அந்த மணியோசை இளைஞரின் பாட்டியின் நினைவிலிருந்து வந்தது. வேறு ஊர்க்காரர் உருட்டியிருந்தால் அதே இரண்டு சொற்கள் கோயில் மணியாகவோ பள்ளிக்கூட மணியாகவோ ஆகியிருக்கும்.

ஒரு மறுப்பு எழலாம். உரையாசிரியர்கள் விரிச்சிக்கு நற்சொல் என்று பொருள் கூறியிருக்க, ‘இல்லை’ என்றும் சொல்லும் அட்டவணைக்கு அது பொருந்துமா? புறநானூற்றின் 280ஆம் பாடல் இதற்கு விடை தருகிறது. கணவன் மார்பில் புண்பட்டுக் கிடக்க, தீய நிமித்தங்களைச் சொல்லி வருந்தும் மனைவி, “நெல்நீர் எறிந்து விரிச்சி ஓர்க்கும் செம்முது பெண்டின் சொல்லும் நிரம்பா” என்கிறாள்; நெல்லும் நீரும் தூவி விரிச்சி கேட்கும் முதியவளின் சொல்லும் நன்றாக அமையவில்லை என்பது பொருள். நற்சொல்லை நாடித்தான் நிற்கிறார்கள். கிடைப்பது அதுவாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மேலும் இவ்வழக்கம் இன்று இப்பெயரில் வழங்காத காரணத்தால், அப்பெயரை எடுத்து ஆள்வதால் எவருடைய பக்தியும் புண்படாது.

பகடைக்கு வேறு சொல்லை வருந்தித் தேடவேண்டியதில்லை. கவறு பழஞ்சொல்லாயினும் குறளின் சூது அதிகாரத்தில் நின்று சூதாட்ட மணம் ஏறியது, தாதுவோ மலாய்ப் பேச்சுக்குரியது, பகடை போதும். இந்த ஆட்டத்துக்குத் தாயக்கட்டையே மிகப் பொருத்தம் என்று இளைஞரிடம் சொன்னேன். 0 முதல் 3 வரை புள்ளியுள்ள நான்குமுகக் கட்டைகள் இரண்டையும் உருட்டினால் 16 சேர்க்கைகள். ஒன்றில் நூல் கட்டி அடையாளம் வைத்தால் 16 சொற்கள் கொண்ட பட்டியல் அமைந்துவிடும். கூட்டிப் படித்தால் 3 வருவதற்கு 4 வழிகள் உண்டு. அதை ‘ஆம், ஆனால்’ என்று கொள்ளலாம். 0, 1, 2 ஆகியவை ‘இல்லை’, 4, 5, 6 ஆகியவை ‘ஆம்’. இரு பக்கத்துக்கும் ஆறாறு வழிகள். தாயத்தில் 12 என்று எண்ணப்படும் இரட்டை வெறுமையை இங்கே 0 என்றே கொண்டு, நிலைமையை மேலும் மோசமாக்கும் ‘இல்லை’ ஆக்கலாம்.

எழுதும்போது மூன்றையும் இவ்வாறு பிரிக்கலாம்: அட்டவணை விரிச்சிப் பட்டியல், கேள்வியை மனத்தில் கொண்டு உருட்டுவது விரிச்சி நிற்றல், விழுந்ததை எடுத்துப் பொருள் காண்பது விரிச்சி ஓர்த்தல். பின்னிரண்டும் பாடல்களிலேயே உள்ள வினைகள். இளைஞரின் குறிப்பேட்டில் இப்போது, “லயத்து வாசலில் விரிச்சி நின்றேன், 3 விழுந்தது, ஆள் இருக்கிறார், ஆனால் கதவைத் திறக்கவில்லை” என்று இருக்கிறது.