அந்த நான்கு நிமிட வீடியோ

பைபாஸில் பைக் விபத்து. இருபது வயசுப் பையனை 108-இல் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். எப்படி அடிபட்டது என்று கேட்டேன். கூட வந்தவர் போனை நீட்டினார்: “முழுசா எடுத்து வெச்சிருக்கேன் டாக்டர், பாருங்க.”

பார்த்தேன். நான்கு நிமிடம் ஓடுகிறது. முழங்காலுக்குக் கீழே ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சுகிறது. தமனியில் அடி என்று திரையிலேயே தெரிந்தது. யாராவது ஒரு துண்டை மடித்து வைத்து, இரண்டு கையாலும் விடாமல் அழுத்தியிருந்தால் போதும். போன் பிடித்திருந்தவர்களை எண்ணினேன், ஏழு பேர். ஒருவர் குனிகிறார். பின்னாலிருந்து ஒரு குரல்: “தொடாதண்ணே, போலீஸ் கேஸ் ஆயிடும்.” அவர் நிமிர்ந்துவிடுகிறார்.

அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கை வைக்கப் பயம், விட்டுப் போகவும் மனசில்லை. அந்த நேரத்தில் கை தானாகப் போனை எடுக்கிறது. ஆனால் இன்று அந்தப் பயத்துக்கு இடமில்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் அதற்காக வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது.

வீடியோவே எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இடித்துவிட்டு ஓடும் வண்டியின் நம்பருக்கும், கும்பல் சேர்ந்து ஒருவரை அடிப்பதற்கும் சாட்சி வேண்டும். யாராவது 108-ஐக் கூப்பிட்டாயிற்றா என்று பார்த்துவிட்டு எடுங்கள். எடுத்ததைப் போலீஸிடம் கொடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது எதற்கு? 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. எரியும் குழந்தையின் படம் என் போனுக்கும் வந்தது. இன்றும் கண்ணை விட்டுப் போகவில்லை.

கெட்ட செய்தி சொல்ல எங்களுக்கு ஒரு முறை உண்டு. தனி அறை, உட்கார நாற்காலி, பக்கத்தில் ஓர் உறவுக்காரர். அந்தப் பையனின் அம்மாவுக்கு அது எதுவும் கிடைக்கவில்லை. நாங்கள் போன் செய்தபோதே கதறிக்கொண்டிருந்தார். ஊர் குரூப்பில் வீடியோ வந்துவிட்டது; தீபாவளிக்குத் தான் எடுத்துக் கொடுத்த சட்டையை வைத்து மகனை அடையாளம் கண்டிருக்கிறார்.

பையன் பிழைத்துக்கொண்டான். மூன்று மாதம் கழித்துக் காலைக் காட்ட வந்தார்கள். அவனை முன்னால் அனுப்பிவிட்டு அம்மா என் மேசையருகே நின்றார். “அவன் இன்னும் அதைப் பாக்கலை டாக்டர். யாராச்சும் அனுப்பிடுவாங்களோன்னு தினமும் அவன் தூங்கினப்புறம் போனை எடுத்துப் பாத்துட்டிருக்கேன்.”